விழுங்கினால் பாயின்ட்

ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவே சுமார் முப்பது தசைகள் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். நாக்கு பின்னே தள்ள, குரல்வளை மேலெழும்ப, மூச்சுக்குழாயின் வாசல் ஒரு வினாடிபோல அடைத்துத் திறக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வரிசை குலைகிறது. பலருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். மற்றவர்களுக்கு மூக்கில் டியூப், கூழ்ப்பதத்தில் சாப்பாடு. சிலருக்குப் புரையேறுவதே தெரியாது. இருமல்கூட வராமல் எச்சிலும் உணவும் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடலாம்.

"நல்லா அழுத்தி விழுங்குங்க" என்பார் ஸ்பீச் தெரபிஸ்ட். கை காலுக்குப் பயிற்சி என்றால் எவ்வளவு தூக்கினோம் என்று கண்ணால் பார்க்கலாம். தொண்டைக்குள் நடப்பதை எப்படிப் பார்ப்பது? கணினி விளையாட்டு உதவுவது இங்கேதான். முகவாய்க்கு அடியில் மின்முனைகளை ஒட்டுகிறார்கள். தசை சுருங்கும்போது எழும் மின்சமிக்ஞை திரையில் கோடாக ஏறி இறங்கும். அதையே ஒரு பொம்மையைத் தாவவைக்கவும் பயன்படுத்தலாம்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் மேகி-லீ ஹக்கபியின் குழு உருவாக்கிய 'பிஸ்கிட்' மென்பொருளில் பொம்மை இல்லை, வெறும் கட்டம்தான். விழுங்கும்போது கோட்டின் உச்சி அந்தக் கட்டத்துக்குள் வந்து விழ வேண்டும். விழுந்தால் கட்டம் சிறிதாகும், தவறினால் பெரிதாகும். முழுப் பலத்தையும் போட்டு விழுங்கினால் உச்சி கட்டத்தைத் தாண்டிவிடும், அதாவது அவுட். எவ்வளவு பலம், எந்த நொடியில் என்பதை மூளை மறுபடி பழக வேண்டும் என்பதே இதன் கணக்கு. பொம்மையை எவ்வளவு உயரம் தாவவைக்கலாம் என்ற போட்டியைவிட இதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பக்கவாதத்தில் கெடுவது பல சமயம் தசையின் வலுவல்ல, அதற்கு மூளையிடமிருந்து வரும் கட்டளை.

ஏமாற்றவும் வழி உண்டு. வாயைத் திறந்தாலோ நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாலோ அதே கோடு எகிறும், விழுங்காமலே பாயின்ட் கிடைக்கும். தெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து குரல்வளை எழும்புகிறதா என்று கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: பக்கவாதத்தால் இடப்பக்கம் கவனத்தில் பதியாதவருக்குத் திரையின் இடது பாதி இல்லாத மாதிரிதான். கட்டத்தை வலப்பக்கம் நகர்த்த வேண்டும்.

பலன்? இத்தகைய திரைவழிப் பயிற்சிகளைப் பற்றி 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், விழுங்கும்போது நாக்கடி எலும்பு கூடுதலாக நகர்வது தெரிந்தது. வாய்வழி உண்பது மேம்பட்டதா என்பது உறுதிப்படவில்லை. ஸ்கோர் ஏறிவிட்டதே என்று வீட்டார் காபி டம்ளரை நீட்டக்கூடாது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவிலோ, இல்லையென்றால் மூக்குவழி விடும் கேமராவிலோ விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் டியூபை எடுப்பதைப் பற்றிப் பேச முடியும்.