ஆவரேஜைப் பார்த்து அசந்துடாதீங்க!

ஞாயித்துக்கிழமை காலையில தண்டையார்பேட்டை பக்கம் போனா தெருவுக்கு ஒரு டீம் நிக்கும். சுவத்துல கரிக்கோடு ஸ்டம்ப், கையில டென்னிஸ் பால். மேட்ச் முடிஞ்சதும் பஞ்சாயத்து ஆரம்பம்... 'அடுத்த ஞாயிறு யாரை எடுக்கறது மச்சி?' சிக்ஸர் அடிச்சவன் பேரு முதல்ல வரும். சத்தமில்லாம டைட்டா போட்ட பவுலர் வெளியில உக்காருவான். இந்த அநியாயத்தைத் தடுக்க ஒரே வழி, கணக்கு! பயப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ், வகுக்கத் தெரிஞ்சா போதும்.

பேட்டிங் ஆவரேஜ்

மொத்த ரன்னை, அவுட்டான தடவையால வகுக்கணும். ஆடின இன்னிங்ஸால இல்ல! நம்ம 'தல' தோனியையே எடுத்துக்கங்க. ஒருநாள் போட்டிகள்ல 297 இன்னிங்ஸ், 10,773 ரன். இதுல 84 தடவை நாட் அவுட். அவுட்டானது 213 தடவைதான். அதனால ஆவரேஜ் 50.57. இன்னிங்ஸால வகுத்தா வெறும் 36.27! ஏமாத்து வேலையா? இல்லவே இல்ல. கடைசியில இறங்கறவருக்கு ஓவர் தீர்ந்துபோனா அவர் என்ன பண்ணுவார்? ஆனா ஓப்பனர் ஆவரேஜையும் ஃபினிஷர் ஆவரேஜையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஸ்ட்ரைக் ரேட்

100 பந்துக்கு எத்தனை ரன்ங்கற கணக்கு. 1975 உலகக் கோப்பையில இங்கிலாந்து 334 ரன் குவிச்சது. கவாஸ்கர் 60 ஓவரும் நின்னு, 174 பந்துல 36 நாட் அவுட். ஸ்ட்ரைக் ரேட் 20.69! அவுட்டே ஆகல, ஆனா இந்தியா 202 ரன்ல தோத்தது.

பவுலருக்கு மூணு கணக்கு

ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், ஆவரேஜ். ஒரு விக்கெட்டுக்குப் போட்ட பந்து, ஸ்ட்ரைக் ரேட். ஓவருக்குக் கொடுத்த ரன், எகானமி. மூணுமே குறைய குறைய நல்லது.

டெஸ்ட்ல 537 விக்கெட் எடுத்த நம்ம அஸ்வின், சராசரியா 51 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார். 800 விக்கெட் எடுத்த முரளிதரனுக்கு 55 பந்து ஆச்சு. ஆனா முரளியோட ஆவரேஜ் 22.72, அஸ்வினுக்கு 24. எப்படி? முரளி ஓவருக்கு இரண்டரை ரன்கூட தரல. ஒருத்தர் சீக்கிரம் தூக்கினார், இன்னொருத்தர் சிக்கனமா தூக்கினார். ரெண்டுமே கெத்துதான்!

நம்ம தெருவுக்கு வருவோம்

எட்டு ஓவர் மேட்ச். ஒருத்தன் 2 ஓவர்ல 24 ரன் கொடுத்து 2 விக்கெட். இன்னொருத்தன் 2 ஓவர்ல 8 ரன், விக்கெட் இல்ல. டெஸ்ட்டா இருந்தா முதல் ஆளைத்தான் எடுக்கணும். இங்கேயோ டீம் ஆல் அவுட் ஆகறதுக்குள்ள ஓவர் முடிஞ்சிடும். அப்போ மிச்சம் பிடிச்ச அந்த 16 ரன்தான் வெற்றி!

ஒரு நோட்டு வாங்குங்க. வைடு, நோ பால் பவுலர் கணக்குல. பை, லெக் பை அவர் தலையில இல்ல. ரன் அவுட்டும் அவர் விக்கெட் இல்ல. பத்து மேட்ச் எழுதிட்டு டீமை செலக்ட் பண்ணுங்க. வெளியில உக்காந்திருந்த எவனாவது ஒருத்தன் கண்டிப்பா உள்ளே வருவான்!