ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரு சோதனை

ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலைக் கண்டுபிடிக்கப் பாதையை மூடிவைக்க மாட்டோம். இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அல்ட்ராசானிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவோம். ஓய்வுக்குப் பின் தில்லி வீட்டில் நான் வைத்திருக்கும் சிறிய சர்வருக்கும் இந்த வழியே கைகொடுத்தது.

குடும்பப் படங்கள் யாவும் அதில்தான். சென்ற மே மாதம் சில படங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. ஹார்ட் டிஸ்கில் குறையில்லை. சந்தேகம் நினைவகத்தின் மேல் விழுந்தது.

நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால், 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சூடு ஏறினால் கசிவும் ஏறும். ஆகவே சோதனைக்குத் தில்லியின் கோடை மதியமே உகந்தது.

லினக்ஸில் 'மெம்டெஸ்டர்' என்ற இலவச மென்பொருள் உண்டு. 'ரூட்' உரிமையுடன் இயக்குங்கள். 5 ஜிபி காலியென்றால் 4 மட்டும் கேளுங்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, 0, 1 வரிசைகளை மாற்றி மாற்றி எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். எனக்கு இரண்டாம் சுற்றில் பிழை காட்டியது.

வண்டி நிற்கும் இடத்தில் தண்டவாளத்தைச் சோதிக்க முடியாதல்லவா? மற்ற வேலைகள் பிடித்திருக்கும் பகுதியை இதுவும் தொடாது. எனவே பிழை வராவிட்டால் அது நற்சான்று ஆகாது.

பிழை வந்தாலோ, முதலில் நகலெடுப்பதை நிறுத்துங்கள். இல்லையேல் கெட்ட படம் நல்ல நகலின் மேல் போய் உட்காரும். பிறகு இயந்திரத்தை அணைத்து, நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழைய நகல் தப்பியதால்தான் என் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் பிழைத்தன.