குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் எழுந்தால்: மதிப்பீட்டுக்கு வரும் பெற்றோருக்கு

இரண்டு வயது நிறைந்தும் குழந்தை இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையே என்று தாய் கவலைப்படுகிறார். "இவங்கப்பனும் நாலு வயசுலதானுங்க பேசுனான்" என்கிறார் பாட்டி. எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் இவ்விரு குரல்களையும் ஒரே அறையில் கேட்பது வழக்கம். பாட்டியின் சொல்லை நாங்கள் புறந்தள்ளுவதில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கிப் பின்னர் இயல்பாகத் தேறும் குழந்தைகள் உண்டு. ஆனால் எந்தக் குழந்தை தானே தேறும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவைப்படும் என்பதை வீட்டில் இருந்தபடியே கணிக்க இயலாது. அதற்காகவே மதிப்பீடு.

இயல்பு என்பது ஒரு நாளைக் குறிப்பதன்று, ஒரு காலப்பரப்பைக் குறிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகள் இடம்பெற்றனர். நலமுள்ள குழந்தைகள் பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து ஏறத்தாழ 18 மாதம் வரை விரிந்திருந்தது. ஆகவே 13 மாதக் குழந்தை நடக்கவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை. 18 மாதத்திலும் நடக்கவில்லை எனில் வாருங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 18 மாதத்தில் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை ஆகியனவும் அவ்வாறே. பேசிக்கொண்டிருந்த சொற்களையோ பழகிய செயலையோ குழந்தை இழந்தால், எந்த வயதாயினும் அந்த வாரமே காட்டுங்கள்.

முதலில் நிகழ்வது சல்லடை போன்ற எளிய சோதனை. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள் உள்ளன; குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைக் கேட்டறியும் 20 வினாக்கள் கொண்ட படிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. இவற்றில் ஐயம் எழுந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்று பொருள். நோயின் பெயர் உறுதியாகிவிட்டது என்று பொருளன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் பெற்றோர் அன்றிரவே உறக்கம் இழப்பதைப் பார்க்கிறோம்.

பேச்சுத் தாமதம் எனில் செவித்திறனை முதலில் சோதிப்போம். "குக்கர் விசிலுக்குத் திரும்புகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது" என்று பலர் தயங்குகின்றனர். உரத்த ஒலி கேட்டும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. ஓஏஇ, பெரா ஆகிய சோதனைகளில் ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை உறங்கும்போது செய்வதால், உறங்கும் வேளையை முன்னரே சொல்லிவிடுங்கள். இங்குக் காத்திருப்பதால் ஏற்படும் இழப்பு பெரிது: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே கிடைக்கிறது. வயது குறையக் குறையப் பயனும் மிகுதி.

சரவணம்பட்டியைச் சுற்றி வாழும் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கு, கன்னடம் அல்லது மலையாளம், வெளியே தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பது இயல்பு. பல மொழி கேட்பதால் பேச்சு வராமல் போவதில்லை. எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுவோம். தாய்மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுமாறு யாரேனும் கூறினால் ஏற்க வேண்டாம். கைப்பேசியைக் குறைப்பது நன்று. எனினும், குறைத்துவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரும்போது தாய் சேய் நல அட்டை, பிறந்த மருத்துவமனையின் குறிப்புகள், பழைய சோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வீட்டில் குழந்தை விளையாடுவதை இரண்டு மூன்று நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து வருவது மிக உதவும். புதிய அறையில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. கருவுற்ற காலத்தில் என்ன உண்டீர்கள், ஏன் வேலைக்குச் சென்றீர்கள் என்று தாயைக் குறைகூறும் உறவினரை அன்று வீட்டிலேயே விட்டு வருவது நலம்.

கட்டணம் தடையாக இருப்பின், திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் கட்டணமின்றிச் செயல்படுகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், 18 வயது வரையுள்ளோருக்கு இத்தகைய மையங்கள் அமைக்கப்பட்டன. அத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும்போதும் உங்கள் ஐயத்தைக் கூறலாம்.

மதிப்பீடு செய்தாலே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வந்துவிடும், பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். சான்றிதழ் தனி நடைமுறை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் அடங்குவோர் தாமே விண்ணப்பித்துப் பெறுவது. மதிப்பீட்டு அறிக்கையை உங்கள் கையில் தருவோம். பள்ளியில் காட்டுவதா என்பது உங்கள் முடிவு. பேச்சுப் பயிற்சியோ இயன்முறைப் பயிற்சியோ தொடங்க நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐயம் எழுந்த நிலையிலேயே தொடங்கிவிட்டு, சில மாதங்களில் மீண்டும் மதிப்பிடுகிறோம்.