“இன்னும் ஒரு அடி பின்னால போங்க!” கல்யாண ஜோடிகளே, உஷார்!

கல்யாணத்துக்கு இன்னும் 13 நாள்தான் பாக்கி. மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள ஆற்றுக்குப் போனார்கள். பரிசலில் ஏறினார்கள். பரிசல் கவிழ்ந்தது. 2 பேரும் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள்!

இது கதை அல்ல. 2020-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி, கர்நாடகத்தில் மைசூரு மாவட்டம் தலக்காடு அருகே காவிரியில் நடந்தது. நம் மேட்டூருக்கு வருகிறதே, அதே காவிரிதான்.

அதற்கு முந்தின வருடம் அக்டோபரில், ஊத்தங்கரை பக்கத்தில் பாம்பாறு அணையில் புதுப்பெண் உள்பட 4 பேர் பலியானார்கள். இடுப்பளவு தண்ணீரில் கை கோர்த்து நின்று ‘செல்பி’ எடுத்தபோது ஒருவருக்குக் கால் வழுக்கியது. அவரோடு மற்றவர்களும் போனார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் போய்ப் பாருங்கள். மாமல்லபுரத்தைச் சுற்றிலும் பட்டு வேட்டியும் நீள கவுனுமாக ஜோடி ஜோடியாக அலையில் நிற்கிறார்கள். எதிரே கேமராவோடு ஒருவர், “இன்னும் ஒரு அடி பின்னால போங்க” என்கிறார்.

அப்படிச் சொல்லிச் சொல்லியே படம் பிடித்த ஒரு போட்டோகிராபரைச் சந்தித்தேன். சென்னையில் 22 வருடமாகத் தொழில் செய்கிறார். “பேரு வேணாம் தம்பி. விஷயத்தை மட்டும் எழுதுங்க” என்றார்.

ரோலுக்கு 12 படம்

அவருடைய அப்பாவும் போட்டோகிராபர்தான். அந்தக் காலத்து 120 ரோலில் 12 படம்தான் விழும். வீணடிக்க முடியாது. தாலி கட்டும்போது ஒன்று, மாலை மாற்றும்போது ஒன்று என்று எண்ணி எண்ணி எடுப்பார்களாம். கல்யாணம் முடிந்த பிறகு ஸ்டூடியோவுக்கு வந்து, திரையில் வரைந்த பூங்காவுக்கு முன்னால் நின்று ஜோடியாக ஒரு படம். அதோடு சரி.

“இப்ப அப்படியா? நிச்சயதார்த்தத்துக்குத் தனி ஆல்பம். கல்யாணத்துக்கு முன்னாடி ‘அவுட்டோர்’. அதுக்கு சனி, ஞாயிறு 2 நாள் வெளியூர். ஏலகிரி, புதுச்சேரி, மாமல்லபுரம்னு கிளம்பிடுறாங்க” என்றார்.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. முகூர்த்த நாள் வந்தாலோ எல்லா மண்டபத்திலும் ஒரே நேரத்தில் கெட்டிமேளம். ஒரு ஆள் எத்தனை மண்டபத்துக்கு ஓட முடியும்? ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஆடியிலேயே ‘அவுட்டோர்’ வருகிறார்கள். அந்த வருமானத்தில்தான் ஆடி மாத வாடகை போகிறது.

வேனில் வரும் சித்தி

சனிக்கிழமை மதியம் வேன் கிளம்பும். மாப்பிள்ளை, பெண், மேக்கப் போடும் அம்மா, 2 உதவியாளர்கள். துணைக்கு என்று பெண் வீட்டிலிருந்து சித்தியோ அத்தையோ கட்டாயம் வருவார்கள். பெண்களுக்கு ஒரு ரூம், ஆண்களுக்கு ஒரு ரூம். மாலையில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மஞ்சள் சுவர் வீடுகளுக்கு முன்னால் படம். மறுநாள் பொழுது விடியும் முன்பு கடற்கரை.

ஏன் விடியும் முன்பு?

“நம்ம பக்கம் சூரியன் கடல்லதான் உதிக்குது தம்பி. உதிச்சு அரை மணி நேரம்தான் வெளிச்சம் பொன் மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம் ஜோடிக்குப் பின்னாலேர்ந்து வரணும்னா, அவங்க கடலுக்கு முதுகு காட்டித்தான் நிக்கணும்.”

ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அலை வருவது ஜோடிக்குத் தெரியாது. போட்டோகிராபர் 60 அடி தள்ளி நின்று நீளமான லென்ஸ் வழியாகப் பார்க்கிறார். அந்த லென்சில் தூரத்து அலையும் முதுகுக்குப் பக்கத்தில் இருப்பது போலப் பெரிதாகத் தெரியும். படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் நிஜமாகவே பக்கத்தில் வந்துவிட்ட அலை எது என்று அவருக்கும் தெரியாது. கத்தினாலும் இரைச்சலில் கேட்காது. அந்த நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டமும் குறைவு.

கன்னத்தில் அறை

3 வருடத்துக்கு முன்பு நடந்ததை அவரே சொன்னார்.

“பெண்ணுக்கு நீளமான கவுன். பின்னால 6 அடி துணி தரையில புரளும். ‘இன்னும் ஒரு அடி பின்னால போங்க’ன்னேன். போனாங்க. மறுபடி சொன்னேன். மூணாவது தடவையும் நான்தான் சொன்னேன். அங்கே மணல்ல ஒரு பள்ளம். அலை அடிச்சுது, விழுந்துட்டாங்க. அலை அடிச்சாக்கூடப் பரவாயில்ல தம்பி. திரும்பிப் போற தண்ணிதான் இழுக்கும். நனைஞ்ச துணியோட சேர்த்து இழுத்துட்டுப் போச்சு. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.”

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் 2 பேர் ஓடி வந்து குதித்தார்கள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள். தண்ணீர் கக்கிய பிறகுதான் பெண்ணுக்குக் கண் திறந்தது.

“வேன்லேர்ந்து சித்தி ஓடி வந்தாங்க. என் கன்னத்துல ஓங்கி ஒரு அறை. பேசாம வாங்கிக்கிட்டேன். வாங்க வேண்டியவன்தானே?”

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. படம் பிடிக்க வேறு ஆளை அழைத்துக்கொண்டார்கள். இவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அலை அடிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னால எடுத்த படம் இன்னும் எங்கிட்ட இருக்கு. 2 பேரும் சிரிக்கிறாங்க. பின்னால அலை எழுந்து நிக்குது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

போட்டோகிராபர் சொன்னால் கேட்கிறார்கள்

அப்பா சொன்னால் கேட்காத பிள்ளைகள்கூட போட்டோகிராபர் சொன்னால் கேட்கிறார்கள். குனி என்றால் குனிகிறார்கள், குதி என்றால் குதிக்கிறார்கள். பாறை விளிம்பில் நில் என்றாலும் நிற்கிறார்கள். அதனால் ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இப்போது அவர் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார். தண்ணீரில் இறங்கிப் படம் கிடையாது. பரிசல், படகு என்றால் எல்லோருக்கும் மிதவைச் சட்டை. ஒரு உதவியாளர் கேமராவைத் தொடவே கூடாது. கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகும் இடத்தில் முதலில் மீனவர்களிடம் “இங்கே இழுப்பு எப்படி?” என்று கேட்க வேண்டும். வாடைக் காற்று வீசும் நாட்களில் கடற்கரைக்கே போவதில்லை.

பெண், மாப்பிள்ளை வீட்டாரும் ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று பேரம் பேசுவதோடு, எங்கே நிற்க வைத்து எடுப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108.

மணலில் ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை விடவில்லை. “அண்ணே, கால் நனையிற அளவுக்காவது போறோம்ணே. என் பிரெண்டு அப்படித்தான் எடுத்தான்” என்று கெஞ்சினார்.

போட்டோகிராபர் பதில் சொல்லவில்லை. கேமரா ஸ்டாண்டின் காலால் மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். “இதைத் தாண்டினா கேமராவை மூடிடுவேன் தம்பி” என்றார். வேனில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை, “அப்படிச் சொல்லுங்க!” என்றார்.

காய்ந்த மணலிலேயே படம் எடுத்தார்கள். சூரியன் வந்தது. பெண் சிரித்தாள். படம் நன்றாகத்தான் வந்தது.

அரை மணி நேரத்தில் பெரிய அலை ஒன்று ஏறி வந்து கோட்டை அழித்துவிட்டுப் போனது. அவர் ஜோடியைக் கூப்பிட்டு, 10 அடி தள்ளி இன்னொரு கோடு கிழித்தார்.