பயனிலைச் செயற்கூறு

நிரலாக்கத்தில், தனக்குத் தரப்படும் மதிப்பைச் சோதித்து உண்மை அல்லது பொய் என்று மட்டும் விடை தரும் செயற்கூறு பயனிலைச் செயற்கூறு எனப்படும். இலக்கணத்தில் எழுவாயைப் பற்றி ஒன்றைச் சொல்வது பயனிலை, இங்கும் அப்படித்தான். "இந்த எண் இரட்டைப்படையா?" என்பது எளிய எடுத்துக்காட்டு.

இச்செயற்கூறு ஒரு நேரத்தில் ஓர் உறுப்பையே பார்க்கும். பட்டியலில் அடுத்தடுத்து நகர்வதும், எங்கே நிறுத்துவது என்பதும் அதை அழைக்கும் செயற்கூற்றின் பொறுப்பு. பைத்தானில் 3, 8, 5, 12 என்ற பட்டியலை இச்சோதனையுடன் 'ஃபில்டர்' செயற்கூற்றிடம் கொடுத்தால் 8, 12 இரண்டும் கிடைக்கும். இரட்டைப்படை எண் ஒன்றேனும் உண்டா என்று மட்டும் தேடினால் 8 வந்ததுமே நின்றுவிடலாம். பெரிய பட்டியல்களில் இதனால் மிச்சமாகும் நேரம் அதிகம்.

வெற்றுப் பட்டியலில்தான் கவனம் தேவை. "எல்லா உறுப்புகளுக்கும் பொருந்துகிறதா?" என்று கேட்கும் 'ஆல்' செயற்கூறு அங்கே உண்மை என்றே விடை தரும். பொருந்தாத உறுப்பு ஒன்றுகூட இல்லை என்பதால் தருக்கப்படி அது சரியே. ஆனால் பைத்தான் 3இல் 'ஃபில்டர்' தருவது பட்டியல் அன்று. ஒருமுறை வாசித்ததும் தீர்ந்துபோகும் ஒரு தொடர். கடன் விண்ணப்பத்துக்குரிய ஆவணங்களை வடிகட்டி, அவற்றைத் திரையில் ஒருமுறை காட்டிவிட்டு, அதே தொடரிடம் "எல்லாம் சரிபார்க்கப்பட்டனவா?" என்று கேட்டால், ஒன்றுமே சரிபார்க்கப்படாதபோதும் உண்மை என்று வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வடிகட்டியவுடன் 'லிஸ்ட்' மூலம் பட்டியலாக மாற்றிவைத்தால் இச்சிக்கல் எழாது.