வாசலில் வேப்பிலை, முகத்தில் கவரி
பெருந்தொற்றுக் காலம் பந்திங் வட்டாரத்திற்குக் கற்பித்த பாடம்

ஆடி பிறந்துவிட்டால் பந்திங் வட்டாரத்தின் காற்றிலேயே மஞ்சளும் வேப்பிலையும் மணக்கத் தொடங்கும். லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த இச்சிறு நகரைச் சூழ்ந்து இன்று எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இங்கு ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. தோட்டம் எழுந்த இடத்தில் லயம் எழுந்தது. லயம் எழுந்த இடத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. காட்டை அழித்துக் கழனியாக்கிய தமிழர்கள், காய்ச்சலும் கொள்ளைநோயும் சூழ்ந்த அந்நிலத்தில் முதலில் துணைக்கு அழைத்தது நோய் தீர்க்கும் அன்னையைத்தான்.

அந்த அன்னையின் சந்நிதிக் கதவுகளே ஒரு நாள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் இரவு, பிரதமர் டான்ஸ்ரீ முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18 முதல் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் வழிபாட்டுத் தலங்களும் மூடப்பட்டன. அவ்வாண்டின் பங்குனி உத்திரம் வீட்டுப் பூசையறைக்குள் முடிந்தது. சார்வரி ஆண்டு பிறந்தபோதும் கோயில் மணியோசையைக் கைப்பேசி வழியாகக் கேட்டவர்களே மிகுதி.

பட்டியலும் பத்துக் கிலோமீட்டரும்

நோயின் அச்சம் முதலில் மாற்றியமைத்தது சந்தைக்குப் போகும் வழக்கத்தை. குடும்பத்திற்கு ஒருவரே வெளியே சென்று பொருள் வாங்கலாம், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவைத் தாண்டக்கூடாது என்று விதிகள் வந்தன. கடைவாசலில் உடல்வெப்பம் அளக்கப்பட்டது. தரையில் ஒட்டப்பட்ட கோடுகளின் மேல் மக்கள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்றனர்.

பல வீடுகளில் வெளியே செல்லும் அந்த ஒருவர் குடும்பத் தலைவராகவே இருந்தார். இல்லத்தரசி எழுதிக் கொடுத்த பட்டியலுடன் கடைக்குப் போன ஆடவர் பலர், கொத்தமல்லித் தழைக்கும் புதினாவுக்கும் வேறுபாடு தெரியாமல், கடைக்குள் நின்றபடியே கைப்பேசியில் காட்டி விளக்கம் கேட்ட காட்சிகள் நாடெங்கும் நகைப்பை விளைவித்தன. அந்த நகைப்பில் ஓர் உண்மையும் இருந்தது. ஒரு வீட்டின் அடுப்பெரியப் பெண் ஒருத்தி நாள்தோறும் எத்தனை கணக்குகளை மனத்தில் சுமக்கிறாள் என்பதைப் பல ஆண்கள் அப்போதுதான் அறிந்தனர்.

பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைகள் அடியோடு நின்றன. 2020 ஜூன் 15-க்குப் பிறகே அவை மீண்டும் திறக்க இசைவு கிடைத்தது. கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்கு வர வழியின்றி வீணாகக் கொட்டப்பட்டன. வான்வழிப் போக்குவரத்து முடங்கியதால் தமிழகத்துப் பூவும் வந்து சேர்வது அரிதாயிற்று. பூக்கட்டிப் பிழைத்தவர், கோயில் வாசலில் தேங்காயும் சூடமும் விற்றவர், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர் ஆகியோருக்குக் கூட்டமே வருவாய். கூட்டம் கூடாதே என்ற ஆணை, அவர்களைப் பொறுத்தவரை உலை வைக்காதே என்ற ஆணையாகவும் அமைந்தது.

புதிதல்ல இந்த ஒழுங்கு

வீட்டில் அடைந்து கிடப்பதும் விலகி நிற்பதும் அன்று பலருக்கும் அயலாரின் வழக்கமாகத் தோன்றின. ஆயினும் தோட்டத்து மூத்தோர்க்கு அவை புதியவை அல்ல. லயத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டுவிட்டால் அவ்வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அது கண்டவுடன் வெளியார் எவரும் படி ஏறார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுக்குப் போகார். தாளிப்பு இல்லை, விருந்தோம்பல் இல்லை, தூரப் பயணம் சென்று வந்தவர் நோயாளியின் அருகே செல்வதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு முடிந்த பின்னரே அக்குடும்பம் ஊரோடு கலக்கும். நோய்த்தொற்று என்னும் சொல்லை அறியாத மக்கள், பக்தியின் பெயரால் காத்து வந்த தனிமைப்படுத்தல் அது.

வேப்பிலை பெரியம்மையை ஒழித்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அதை ஒழித்தது தடுப்பூசி. அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு, தெய்வக் குற்றம் ஆகுமென அஞ்சி ஓடி ஒளிந்தோரும் அக்காலத்தில் இருந்தனர். 1980-ஆம் ஆண்டு மே மாதம், உலகைவிட்டுப் பெரியம்மை நீங்கிவிட்டதென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலை செய்த பணி வேறு. அது நோயை ஊருக்கு அறிவித்தது. நோயுற்ற வீட்டையும் நோயுறாத வீட்டையும் ஒருங்கே காத்தது.

தமிழர்கள் மலாயா மண்ணில் கழித்த முதல் நாள்களே தனிமை முகாமில் கழிந்தவைதாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தொழிலாளர்கள், பினாங்கை அடுத்த புலாவ் ஜெரஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையிலும் நோய்த்தடுப்பு முகாம்களில் நிறுத்தி வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அந்தத் துறை 1901-இல் திறக்கப்பட்டபோது மலேரியா அதை உலுக்கியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து அந்நோயை அடக்கினார். 1918-இன் இறுதியில் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. இந்தியத் தொழிலாளர் பெருமளவில் மாண்டனர். அவர்களின் கொள்ளுப்பேரர்களே நூறாண்டு கழித்து மீண்டும் வாசலை அடைத்து உள்ளே அமர்ந்தனர்.

வாய்ப்பூட்டும் முகக்கவரியும்

2020 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசல்மிக்க பொது இடங்களிலும் முகக்கவரி கட்டாயமாயிற்று. மீறினால் ஆயிரம் வெள்ளி அபராதம். தொடக்கத்தில் கிடைப்பதற்கே அரிதாயிருந்த கவரிக்கு அரசாங்கம் உச்சவரம்பு விலை விதித்தது. ஏப்ரலில் ஒன்றரை வெள்ளியாக இருந்த மூவடுக்குக் கவரியின் விலை ஆகஸ்டு நடுவில் 1 வெள்ளி 20 காசாகி, நவம்பரில் 70 காசாக இறங்கியது. அவ்வாறு இறங்கிய பின்னும், ஐவர் உள்ள குடும்பத்திற்கு நாளுக்கொரு கவரி என்றால் மாதம் நூறு வெள்ளியைத் தாண்டும். நாட்கூலியை நம்பிய வீடுகள், வீட்டிலேயே துணிக்கவரி தைத்துத் துவைத்துத் துவைத்து அணிந்தன.

கோயில்கள் படிப்படியாகத் திறந்தபோது அங்கும் முறைகள் மாறியிருந்தன. வாசலில் பெயர் எழுதவேண்டும், அல்லது மைசெஜாத்ரா செயலியில் பதிய வேண்டும். பல கோயில்களில் தீர்த்தம் வழங்குவது நின்றது. திருநீறு கைபடாமல் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டது. முகத்தின் பாதி மறைந்த நிலையில் ஒருவரை ஒருவர் அடையாளம் காட்டியவை, நெற்றியில் துலங்கிய நீறும் பொட்டும் கண்களுமே.

வாயை மூடி வழிபடுவது தமிழரின் சமய மரபுக்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில், பூசை செய்வோர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டே இன்றளவும் பூசை நிகழ்த்துகின்றனர். பத்துமலைக்குக் காவடி எடுப்போர் மௌன விரதத்தின் அடையாளமாக வாய்ப்பூட்டு அலகு பூணுகின்றனர். தெய்வத்தின் முன் தன் மூச்சுக்காற்றும் படலாகாது என்னும் பணிவு அது. பெருந்தொற்றுக் காலத்தில் அதே பணிவு அடுத்த மனிதரின் முன்னும் வேண்டப்பட்டது. அருகில் நிற்கும் முதியவரின் உயிரைத் தன் மூச்சிலிருந்து காப்பதற்கு அணிந்த துணி, ஒரு வகையில் காப்புக் கட்டுதலுக்கு நிகரானதாயிற்று.

எல்லைக்கு அப்பால் கிள்ளான்

பந்திங் மக்களுக்குத் தீபாவளிச் சந்தை என்றால் அது கிள்ளானின் தெங்கு கிளானா சாலைதான். சேலையும் வேட்டியும், பூசைப் பொருளும் பித்தளை விளக்கும் வாங்க, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து குடும்பம் குடும்பமாகச் செல்வது தலைமுறை வழக்கம். கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸ் வரை செல்வோரும் உண்டு.

2020 அக்டோபர் 14 முதல் சிலாங்கூர் மாநிலம் மீண்டும் நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லக் காவல் துறையின் இசைவு வேண்டும். பந்திங் கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது; கிள்ளானோ வேறு மாவட்டம். நவம்பர் 14-ஆம் நாள் தீபாவளி வந்தபோதும் அத்தடை நீங்கவில்லை. அப்பால் கடைக்காரர் சரக்கை நிரப்பிக் காத்திருந்தார். இப்பால் குடும்பங்கள் காத்திருந்தன. இடையே சாலைத் தடுப்பு நின்றது. டிசம்பர் 7-ஆம் நாள் தடை விலகியபோது பண்டிகை கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

அவ்வாண்டு பலகாரம் அண்டை வீட்டு வேலியின் மேல் வைத்துக் கொடுக்கப்பட்டது. பெரியவர்களின் காலில் விழுந்து ஆசி பெறுவது கைப்பேசித் திரையில் கைகூப்புவதாகச் சுருங்கியது. பந்திங்கிலேயே உள்ள சிறிய துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் வீட்டில் முறுக்குப் பிழிந்து விற்ற பெண்களும் அவ்வாண்டு ஊராரின் கண்ணில் புதிதாகப் பட்டனர். தூரத்துச் சந்தை மூடியபோது பக்கத்துக் கடையின் அருமை தெரிந்தது.

தேர் மட்டும் சென்ற தைப்பூசம்

2021 ஜனவரியில் கட்டுப்பாடு மீண்டும் இறுகியது. அவ்வாண்டுத் தைப்பூசத்திற்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் மட்டும் ஒரு சிலர் உடன்வரப் பத்துமலைக்குச் சென்றது. வழிநெடுகத் தேங்காய் உடைக்கக் காத்திருக்கும் கூட்டம் இல்லை. பக்தர்களுக்குப் பத்துமலையில் இடமில்லை. பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டோர் பலர் வீட்டிலுள்ள வேலுக்குப் பாலபிஷேகம் செய்து, நேர்த்தியை அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைத்தனர்.

அதனினும் கொடியது அவ்வாண்டின் நடுப்பகுதி. ஜூன் 1-இல் நாடு முழுவதும் முடக்கம் வந்தது. ஜூலை 3 முதல் 16 வரை சிலாங்கூரின் பெரும்பகுதி கடுமையான கட்டுப்பாட்டில் கிடந்தது. உணவுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம், கண்டோர் உதவுக என்ற அழைப்பு அந்நாள்களில் எழுந்தது. முன்னொரு காலத்தில் வாசலில் தொங்கிய வேப்பிலை, அருகே வராதே என்று உரைத்தது. இந்த வெள்ளைத் துணியோ, அருகே வா என்று அழைத்தது. அரிசி மூட்டையும் எண்ணெயும் சுமந்து சென்று அந்த வாசல்களில் வைத்தவர்களுள் எல்லா இனத்தவரும் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர்.

ஜூலை 17-ஆம் நாள் ஆடி பிறந்தது. கூழ் வார்க்கும் கொப்பரைகள் எழவில்லை. ஆகஸ்டு 26-ஆம் நாள் மட்டும் நாட்டில் 24,599 பேருக்கு நோய் கண்டதாகப் பதிவாயிற்று. நோயால் மாண்டோரின் முகத்தை மக்கள் இறுதியாகப் பார்க்க முடியவில்லை. வாய்க்கரிசி போட முடியவில்லை. நால்வர் தோள் கொடுக்கவும் வழியில்லை. கைவிட்ட திருவிழாவை அடுத்த ஆண்டு எடுத்துவிடலாம். செய்யாமல் விட்ட இறுதிக் கடனைத் திரும்பச் செய்ய வழி ஏது? அந்த ஏக்கம் இன்றும் பல இல்லங்களில் ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

மீண்டு வந்த கூட்டம்

தடுப்பூசி பரவலானதும் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 2022 ஜனவரி 18-ஆம் நாள் தைப்பூசத்தில் காவடிக்கு இசைவின்றிப் பால்குடம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. மே 1 முதல் திறந்த வெளியில் முகக்கவரி கட்டாயமில்லை என்றானது. செப்டம்பர் 7 முதல் பெரும்பாலான கட்டடங்களுக்குள்ளும் அது அவரவர் விருப்பமாயிற்று. 2023 பிப்ரவரி 5-ஆம் நாள் தைப்பூசத்தில் காவடிகள் மீண்டும் பத்துமலைப் படியேறின. ஒத்திவைத்த நேர்த்திகள் பல அன்று நிறைவேறின.

பந்திங்கிலும் ஆடித் திருவிழாக்கள் பழைய பொலிவுடன் திரும்பியுள்ளன. வழக்கம் சில மட்டும் மாறியே விட்டன. பூசைப் பொருள்களைக் கைப்பேசியிலேயே வரவழைப்போர் பெருகிவிட்டனர். அர்ச்சனைத் தொகையைக் கட்டப் பணப்பை திறக்காமல் சதுரக் குறியீட்டை வருடுவோரும் உண்டு. வசதிதான், ஆயினும் மூடிய நாள்களில் பட்டினி கிடந்து, திறந்த நாளில் மீண்டும் கூடை சுமந்து வந்து கோயில் வாசலில் அமர்ந்திருக்கும் பூக்காரரின் கையிலிருந்து ஒரு முழம் பூ வாங்குவதும் திருவிழாவின் ஒரு பகுதியே.

முகக்கவரியும் அவ்வாறே. பலருடைய வீட்டில் அது இன்று மறந்துபோன ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கிறது. சளியும் காய்ச்சலும் கண்டவர் திருவிழா நெரிசலுக்குள் நுழையுமுன் அதைத் தேடி எடுத்து அணிவது, லயத்து மூதாட்டி அன்று வாசலில் வேப்பிலை செருகியதன் மறுவடிவம். தன் நோய் தன்னோடு நிற்கட்டும் என்ற எண்ணமே அவ்விரண்டிற்கும் வேர்.

பெரியம்மை உலகை விட்டு நீங்கிய பின்னும் மாரியம்மன் கோயில்களில் வேப்பிலை நீங்கவில்லை. நோய் போனாலும், நோய் கற்பித்த கருணை போகலாகாது என்பதே அதன் பொருள் போலும். இவ்வாடியில் அன்னையின் திருமுன் கூடும் அனைவருக்கும், கூட இயலாமல் மறைந்துபோன அன்பர்களின் குடும்பத்தாருக்கும், அவள் குளிர்ந்த பார்வை நலம் அருளுவதாக.