பெட்ரோலும் பென்சீனும் ஒன்றா?

வாயால் உறிஞ்சாதீர்கள்! உள்ளே விஷம் இருக்கிறது!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஊர் கல்லாவி. அங்கே மட்டும் அல்ல, எந்த ஊரிலும் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டால் சிலர் என்ன செய்கிறார்கள்? இன்னொரு வண்டியின் டாங்கியில் ரப்பர் குழாயை விடுகிறார்கள். மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். கையில் ஒட்டிய கிரீசைக் கழுவவும் பெட்ரோல்தான்!

இதில் என்ன ஆபத்து? அதை அறிய, பெட்ரோல் வேறு, பென்சீன் வேறு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கதம்பமும் பூவும்

பெட்ரோல் ஒரு கதம்பம். கச்சா எண்ணெயில் இருந்து பிரித்து எடுத்த நூற்றுக்கணக்கான பொருள்கள் அதில் கலந்துள்ளன. அமெரிக்காவில் அதற்குப் பெயர் காசோலின்.

பென்சீன் ஒரே பொருள். கதம்பத்தில் உள்ள ஒரு பூ மாதிரி. 6 கரி அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும். ஒவ்வொன்றுடனும் ஒரு ஹைட்ரஜன் அணு சேர்ந்திருக்கும்.

சாம்பிராணி தந்த பெயர்

பென்சீனை 1825-ல் கண்டுபிடித்தவர், இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே. 1833-ல் ஜெர்மன் விஞ்ஞானி மிட்சர்லிக், சாம்பிராணியில் கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்புடன் காய்ச்சி அதே பொருளை எடுத்தார். "பென்சின்" என்று பெயரிட்டார். சாம்பிராணிக்கு ஐரோப்பாவில் "பென்சாயின்" என்று பெயர்!

இன்று ஜெர்மனியில் பெட்ரோலையே "பென்சின்" என்கிறார்கள். குழப்பம் வருவது இதனால்தான்.

நன்மையும் தீமையும்

தெர்மோகோல், நைலான் செய்யப் பென்சீன் தேவை. தலைக்கவசத்தின் உள்ளே இருப்பதும் தெர்மோகோல் வகைதான்.

ஆனால் பென்சீன் ஆவியை நீண்ட காலம் சுவாசித்தால் எலும்பு மஜ்ஜை கெடும். ரத்தப் புற்றுநோய் வரலாம். எனவே, நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பி.எஸ்.-6 விதிப்படி, 100 லிட்டர் பெட்ரோலில் பென்சீன் 1 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

அளவு குறைவுதான். ஆனால் தினமும் பெட்ரோலில் கை நனைக்கும் தொழிலாளி கவனமாக இருக்க வேண்டாமா?

என்ன செய்வது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல் எடுக்கக் கைப்பம்பு பயன்படுத்துங்கள். வாயால் உறிஞ்சும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து! தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெட்ரோல் வண்டிக்கு உணவு. மனிதனுக்கு விஷம்!